பின்வரிசை இலை

“அப்பா, படத்துல சாப்புடுறவுகளுக்கு நெசச் சோறா போடுவாக?”

வாடிப்பட்டி டூரிங் கொட்டகையில், மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, சிறுமி கனகா கேட்டாள்.

திரையில் கல்யாணப் பந்தி. சமையல்காரன் வேஷத்தில் வந்து மாட்டிக்கொண்ட கதாநாயகன் பாயசத்தில் வழுக்கி விழ, கொட்டகையே உருண்டு சிரித்தது. அந்தப் பந்தியின் பின்வரிசையில் எங்கோ அவள் அப்பா வீரணனும் இருந்தார். படம் பிடிக்க வந்தவர்கள் ஊரிலிருந்து லாரியில் ஆள் ஏற்றிப் போயிருந்தார்கள்.

“நெசச் சோறுதான் ஆத்தா. எம்புட்டு வேணும்னாலும் போட்டாக” என்றார் வீரணன்.

அவள் நம்பினாள். படம் பிடித்த அன்று சாயங்காலம் அவர் மடியை அவிழ்த்து, நசுங்கிய வடை ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்திருந்தாரே. மழை பொய்த்த வருஷம் அது. வீட்டில் அடுப்பு எரிந்திருக்கவில்லை. தன் வயிறு நிறைந்ததால்தானே மிச்சம் கொண்டுவந்திருப்பார்?

அதெல்லாம் நடந்து ஐம்பது வருஷமாகப் போகிறது. வீரணன் போய்ச் சேர்ந்துவிட்டார். கனகா இப்போது சிம்மக்கல்லில் ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு டவுன் பஸ்ஸில் போய்வருகிறாள்.

பெரியவர் விருமாண்டி, வாடிப்பட்டிப் பக்கம் வயலும் கிணறுமாக வாழ்ந்தவர். நினைவு தப்பிய பிறகு மகன் முத்துப்பாண்டி மதுரைக்குக் கூட்டி வந்துவிட்டார்.

அவரிடம் ஒரே ஒரு தொல்லை. கையில் எதைக் கொடுத்தாலும் வாய்க்குக் கொண்டுபோக மாட்டார். முகம் முன்னால் பார்த்தபடி இருக்க, கையை மட்டும் மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கீழே போட்டுவிடுவார். ஊட்டினால் பல்லைக் கடித்துக்கொள்வார்.

அதனால் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தார்கள். இப்போது அந்தக் கை சுவரில் போய் முட்டும். சுவரெல்லாம் சாம்பார்க் கறை. துடைத்துத் துடைத்துக் கனகாவுக்கே அலுத்துவிட்டது. ‘மீனாட்சி தாயே, இவருக்கு ஒரு வாய் சோறு இறங்க மாட்டேங்குதே’ என்று வேண்டிக்கொண்டேதான் துடைப்பாள்.

அன்று வீட்டாள்கள் ஒரு காதுகுத்துக்குக் கிளம்பினார்கள்.

“இன்னிக்கும் சாப்புடலேன்னா நாளைக்கு மூக்குல டியூப்தானாம், டாக்டர் சொல்லிட்டாரு” என்றாள் மருமகள் திவ்யா. “கையில குடுத்துறாதீங்கக்கா. சுவத்துக்குத்தான் ஊட்டுவாரு.”

முத்துப்பாண்டி டிவியைப் போட்டார். அதே படம். கோடுகளையும் புள்ளிகளையும் நீக்கி, புத்தம் புதிதாக்கி விட்டிருந்தார்கள்.

“எங்கய்யா நடிச்ச படம்க்கா. முன்வரிசையில பெரிய மீசை, அவருதான். தன் மூஞ்சியப் பாத்தாவது வாயத் தொறக்குறாரான்னு பாப்போம்.”

என் அப்பாவும் அதில் இருக்கிறார் என்று சொல்ல வாயெடுத்தாள் கனகா. அதற்குள் கார் கிளம்பிவிட்டது.

பந்தி வந்தது.

எல்லார் முகமும் தெரியவேண்டும் என்று வரிசைக்குப் பின்னால் வரிசையாக உட்கார்த்தியிருந்தார்கள். முன்னால் நிலம் நீச்சு உள்ளவர்கள். பின்னால் கூலிக்காரர்கள். அவள் எத்தனையோ முறை பார்த்த காட்சிதான். அப்போதெல்லாம் பின்வரிசை என்பது வெறும் வெள்ளைத் தீற்றல். இன்று தலைப்பாகையின் நூல்கூடத் தெரிந்தது.

அப்பா.

கனகா எழுந்து டிவிக்கு அருகில் போனாள்.

அவர் இலையில் ஒன்றுமே இல்லை. பக்கத்து இலையிலும் இல்லை. பின்வரிசை முழுக்க வெறும் இலை. தூரத்து இலையில் சோறு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று நினைத்திருப்பார்கள். அப்பா வெறுங்கையை வாய்க்குக் கொண்டுபோய், இல்லாத சோற்றை மென்றுகொண்டிருந்தார்.

கதாநாயகன் வழுக்கி விழுந்தான். எல்லாரும் சிரித்தார்கள். முன்வரிசையில் பெரிய மீசைக்காரரும் சிரித்தார். முகம் சிரித்தபடி இருக்க, அவர் வலக்கை மட்டும் மெல்ல முதுகுக்குப் பின்னால் போனது. விரல்களில் ஒரு வடை.

அப்பாவின் கை அதை வாங்கி மடியில் செருகியது. வாய் மட்டும் மென்றுகொண்டே இருந்தது.

கனகா திரும்பினாள். நாற்காலியில் விருமாண்டி முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் கைக்குப் பின்னால் சுவர்.

நாற்காலியைச் சுவரிலிருந்து இழுத்து நடுக்கூடத்தில் போட்டாள். தட்டை அவர் மடியில் வைத்து, இட்லியைப் பிட்டு அவர் கையில் கொடுத்தாள். பிறகு அவருக்குப் பின்னால் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

அந்தக் கை மெல்லப் பின்னால் வந்தது. எதையோ தேடியது.

கனகா இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து நீட்டினாள். இட்லித் துண்டு விழுந்தது. பிரசாதத்தைப்போலக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டாள்.

“வாங்கிக்கிட்டோம்யா” என்றாள். “இங்கிட்டு எல்லாருக்கும் வந்துருச்சு. நீங்க சாப்புடுங்க.”

கை சற்று நேரம் அங்கேயே நின்றது. பிறகு முன்னால் போனது.

தட்டில் விரல் உரசும் சத்தம் கேட்டது.

வெறும் வாயை மெல்கிறாரோ என்று பயந்து, அவள் முட்டி போட்டபடியே எட்டிப் பார்த்தாள். சுருங்கிய தொண்டை ஏறி இறங்கியது. மறுபடியும் ஏறி இறங்கியது.

நெசச் சோறுதான்.