சொல்லாமல் விட்ட இடம்

மேல்மாடி அம்மாள் கவிதைத் தொகுப்பை விரித்து, முகத்தோடு சேர்த்து ஒருமுறை ஆழமாக முகர்ந்து பார்த்தார். எதிரே உட்கார்ந்திருந்த கவிஞருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. புத்தகத்தை மோந்து பார்க்கிற வாசகி இந்தக் காலத்தில் எத்தனை பேருக்குக் கிடைப்பார்?

"வாசனை ஒண்ணும் இல்லை, நல்லது," என்றார் அம்மாள், தோளில் ஒட்டியிருந்த காய்ந்த புல்லைத் தட்டிவிட்டபடி. "போன வாரம் லிப்டுல குடுத்தீங்களே ஒண்ணு, அது ஒரே ராத்திரியில தீந்துபோச்சுங்க. நம்ம பசங்க ஒரு பக்கம் பாக்கி வைக்கலை. அதான் மொத்தமா கேக்கலாம்னு வந்தேன்."

லிப்டில் மாட்டுகிறவர்கள் கையில் ஒரு பிரதியைத் திணித்து அனுப்புவது கவிஞரின் வழக்கம். வாங்கினவர்கள் அதற்குப் பிறகு படிக்கட்டில்தான் ஏறி இறங்குவார்கள். திரும்பி வந்து இன்னும் வேண்டும் என்று கேட்டவர் இவர் ஒருவர்தான்.

கேட்டுக்கொண்டாயா என்பதுபோல் கவிஞர் சமையலறைப் பக்கம் திரும்பி மனைவியைப் பார்த்தார். பார்க்காமல் என்ன செய்வார், பாவம்! 'நிசப்தத்தின் நகம்' வெளிவந்த நாளிலிருந்து உள்ளறை முழுக்கக் கட்டுக்கட்டாக அதுதான் குடியிருக்கிறது. மகள் கைக்குழந்தையோடு வருகிறாள், தொட்டில் போட இடம் வேண்டும், நாளைக் காலை பழைய பேப்பர்காரரை வரச் சொல்லியாகிவிட்டது என்று மனைவி கறாராகச் சொல்லியிருந்தார். என் எழுத்து வாசகர் கைக்குத்தான் போகும், தராசுத் தட்டுக்குப் போகாது என்று இவரும் சாப்பிடாமல் முறுக்கிக்கொண்டு கிடந்தார்.

அம்மாளும் லேசுப்பட்டவர் இல்லை. பக்கத்தை விரலால் தேய்த்து, மை ஒட்டுகிறதா என்று பார்த்தார். கம்பியால் பின் அடித்திருக்கிறதா, நூலால் தைத்ததா என்று விசாரித்தார். நூல்தான் என்றதும் நிம்மதியாக மூச்சு விட்டார். அட்டை வழவழவென்று இருக்கிறதே, அதை மட்டும் கழற்றிப் போட்டுவிடலாமா என்றும் கேட்டார். அட்டையில் இருந்தது கவிஞரின் புகைப்படம். மேலட்டையைப் பார்த்து மயங்காத வாசகி என்று எண்ணி அவர் அதையும் மன்னித்துவிட்டார்.

வந்த உற்சாகத்தில் தன் கட்டுரைத் தொகுப்பையும் எடுத்து நீட்டினார். அம்மாள் நாலு பக்கம் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இதுல எழுத்து ஜாஸ்தி. எங்களுக்கு ஒத்துவராது. கவிதைன்னா மூணு வரியோட நிறுத்திடறீங்க பாருங்க."

அவர் விரித்துக் காட்டிய பக்கத்தின் உச்சியில் 'நீ, மழை, நான் குடை மறந்தவன்' என்று மூன்று வரி. அதற்குக் கீழே பக்கம் முழுக்க வெள்ளை.

"சொன்னது கவிதை இல்லைம்மா," என்றார் கவிஞர். "சொல்லாம விட்ட இடம்தான் கவிதை."

"நானும் அந்த எடத்துக்காகத்தான் சார் எடுக்கறேன்."

கவிஞருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் ஒரு விமர்சகர் வாயிலிருந்தும் வராத சொல். பேனாவைத் திறந்து, எல்லாப் பிரதியிலும் கையெழுத்துப் போட்டே தருகிறேன் என்று கிளம்பினார். அம்மாள் பதறிப்போய்ப் புத்தகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டார். இருக்கிற மையே போதும், மேற்கொண்டு ஒரு சொட்டு வேண்டாம் என்று கெஞ்சாத குறை. என்ன ஒரு அடக்கம் என்று கவிஞர் சொக்கிப்போனார்.

மனைவிக்குத்தான் எங்கேயோ இடித்தது. கையைத் துடைத்துக்கொண்டே ஹாலுக்கு வந்தார்.

"பசங்க எத்தனாவது படிக்கிறாங்க?"

"முயல் எங்கேங்க படிக்கும்?" என்று சிரித்தார் அம்மாள்.

அம்மாள் வெள்ளந்தியாக விளக்கிக்கொண்டே போனார். கூண்டில் முதலில் மரத்தூள் போட்டாராம். அந்த வாசனைக்கும் தூசிக்கும் முயல்கள் தும்மித் தீர்த்துவிட்டனவாம். பூனைக்குப் போடுகிற மண் வயிற்றுக்குள் போனால் ஆபத்தாம். கடையில் விற்கிற காகித உருண்டை கட்டுப்படியாகவில்லையாம். எதை விரித்தாலும் கடித்துப் பார்க்கிற பிராணி என்பதால், மை குறைவான, வழவழப்பில்லாத, பின் அடிக்காத தாளாகப் பார்த்துக் கிழித்துப் போடச் சொன்னாராம் கால்நடை மருத்துவர். அப்படி ஒரு தாளுக்கு எங்கே போவது என்று தவித்த நாளில்தான் லிப்டில் இவரைப் பார்த்தாராம்.

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார். அடுத்த நிமிஷம் கட்டுகள் ஒவ்வொன்றாக வாசலை நோக்கி நகர ஆரம்பித்தன. கவிஞர் முகத்தில் ஈயாடவில்லை. போகிற மானத்தில் கொஞ்சமாவது மிஞ்சாதா என்ற நப்பாசையில் கேட்டார்.

"கிழிக்கறதுக்கு முன்னாடி ஒரு கவிதையாவது படிச்சீங்களாம்மா?"

"முழுசா படிச்சேன் சார். அப்புறம்தான் கிழிக்க மனசு வந்துச்சு."