லமீஸின் மஞ்சள் சட்டை

இருபது நாள் குழந்தை லமீஸுக்கு மஞ்சள் சட்டை ஏற மறுக்கிறது. பிரசவத்தில் இழுத்தபோது தோள் நரம்பு அடிபட்டு, இடது கை மடங்காமல் துவண்டு கிடக்கிறது. அதைப் படம் எடுக்கத்தான் வக்கீல் சுடர்விழி சட்டையைக் கழற்றச் சொன்னார். "பிரசவம் பாத்த கேஸ் ஷீட் காப்பி வேணும்னு ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடும்மா. அவங்க குடுத்துத்தான் ஆவணும். வந்ததும் கேஸ் போட்டுடலாம்" என்று சொல்லிவிட்டு நுகர்வோர் கோர்ட்டுக்குள் போய்விட்டார். வராந்தா பெஞ்சில் தாய் இஃப்ஃபத் மட்டும் இருக்கிறாள். குழந்தையைப் பிடித்துக்கொள்ள இன்னொருவர் இல்லை. கடல் காற்றில் காலி பெஞ்சுகளுக்கு அடியில் காகிதங்கள் நகர்கின்றன. எதையும் வலப்பக்கம் தொடங்கும் வழக்கப்படி, இறைவன் பெயரால் பிஸ்மி சொல்லி வலது கையை முதலில் நுழைக்கிறாள். துணி இறுகுகிறது, இடது கை போகவில்லை. லமீஸ் வீறிடுகிறாள். "இரும்மா, அம்மாவுக்குத் தெரியலம்மா." மறுபடி கழற்றுகிறாள். பிஸ்மி சொல்லி, தளர்ந்த துணிக்குள் இடது கையை மெல்ல விடுகிறாள். அதன்பின் வலது கை தானே மடங்கி நுழைகிறது. அடிபட்ட கையை முதலில் போட்டால் சட்டை ஏறும்.