பதினெட்டுக் கல்

"எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கினியா, இல்லை புரோக்கர்கிட்ட காசைக் கொடுத்து வாங்கினியா?"

துரைராசு கேட்டது பஸ் டிரைவரை. அவன் சட்டைக் காலர் கிழிந்து, ரோட்டோரத்தில் உட்கார்ந்திருந்தான். பஸ் ரோட்டுக்குக் குறுக்கே நின்றது.

காலை எட்டே முக்கால். மன்னார்குடி போகிற தனியார் பஸ். புல்லுக்கட்டோடு ஓரமாக நடந்து போன எங்கள் ஊர் அம்சத்தை இடித்துவிட்டான். காலில் இரண்டு இடத்தில் முறிவு. அப்போதுதான் வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தோம். நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் மூன்று பிள்ளைகளைக் காப்பாற்றுகிறவள்.

ஊரே ரோட்டில் நின்றது. சாவு வீட்டில்கூட எதிரெதிரே நிற்கிற இரண்டு கட்சிக்காரர்களும் அன்று ஒரே பக்கம்.

"கல்லு கிடந்துச்சுங்க," என்றான் டிரைவர். "ரோட்டு நடுவுல கருங்கல்லு. அதுல ஏறக்கூடாதுன்னு ஒடிச்சேன்."

"எங்கேடா அந்தக் கல்லு? காட்டு."

பஸ் பக்கமாகக் கையைத் தூக்கினான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் கூட்டத்தில் பேசுகிறவன் இல்லை. கல்யாண வீட்டில்கூடக் கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டுச் சத்தமில்லாமல் வந்துவிடுவேன். அன்று பேசினேன்.

ஊர்க் களம் கோயிலுக்கா, பஞ்சாயத்துக்கா என்று பதினோரு வருஷமாகக் கோர்ட்டில் கிடக்கிறது. நெல் காய எங்களுக்குத் தார் ரோடுதான்.

"இதே இடத்துல மூணு நாளா நெல்லு காயவச்சவன் நான். நேத்துச் சாயங்காலம் அள்ளிட்டேன். நெல்லைச் சுத்தி வச்சிருந்த பதினெட்டுக் கல்லையும் எண்ணி எடுத்துக்கிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். ரோட்டுல கல்லே இல்லை. இவன் பொய் சொல்றான்."

"வீரையண்ணன் கல்லுக்குக்கூடப் பெயிண்டுல நம்பர் போட்டு வைக்கிற ஆளுடா," என்றான் துரைராசு. "அவர் கணக்கு தப்பாது."

தூக்கிய கை இறங்கியது. டிரைவர் என்னையே பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

"சரிங்க. விடுங்க."

"பார்த்தியா, வாயடைச்சுப் போச்சு," என்றது கூட்டம்.

யாரோ கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டார்கள். நான் தடுக்கவில்லை. இன்னும் நாலு விழட்டும் என்றுதான் இருந்தது.

போலீஸ் வந்தது. ரோட்டில் கல் இல்லை என்று சாட்சி சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

பதினாறாம் நாள் சாயங்காலம் அந்த டிரைவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். பேர் பஞ்சநதம் என்றான். கையில் ஒரு சாக்கு.

"நாளைக்குப் பத்தரைக்கு லைசென்ஸ் விசாரணைங்கய்யா. உங்க சாட்சியை வச்சு ரத்து பண்ணிடுவாங்கன்னு சொல்றாங்க. வேற தொழில் தெரியாதுங்க எனக்கு."

"அதுக்காக நான் சாட்சியை மாத்தணுமா? சாக்குல என்ன கொண்டாந்திருக்கே? தேங்காயா, பழமா? ஓரமா போனவ காலை ஒடிச்சிட்டு, வெட்கமா இல்லை? ரோட்டுல எப்படிப் போறதுன்னு உங்களுக்கெல்லாம் முதல்லேருந்து பாடம் எடுக்கணும்."

"எடுக்கணுங்க. நானும் வேகமாத்தான் வந்தேன். மெதுவா வந்திருந்தா நிறுத்தியிருக்கலாம். அதை அப்படியே எழுதிக் கொடுத்திட்டேன்."

சாக்கைக் கவிழ்த்தான். ஒரு கருங்கல் உருண்டு வந்து நின்றது.

மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் அடித்து மிஞ்சிய நீலப் பெயிண்ட். என் கையெழுத்து. பதினொன்று.

வைக்கோல் போருக்குப் பின்னால் போய் எண்ணினேன். பதினேழு. கல் கல்லாகத் தள்ளிவைத்து மறுபடி எண்ணினேன். பதினேழு.

நெல் அள்ளிய அந்தச் சாயங்காலம் மழை மூட்டம். மூட்டைகளைக் கொள்முதல் நிலையத்தில் சேர்க்கிற அவசரம். கல்லை எண்ணவில்லை. எப்போதும் எண்ணுகிறவன் என்பதால், எண்ணியதாகவே நினைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறேன்.

திரும்பி வந்தபோது அவர் அதே இடத்தில் நின்றிருந்தார்.

"பின்னால வர்ற வண்டி எதுவும் ஏறிடக்கூடாதுன்னு நான்தான் தூக்கி பஸ்ஸுல போட்டேங்க."

"ஏன்யா அன்னைக்கே காட்டலை?"

"கல்லுக்கு நீங்க நம்பர் போடுவீங்கன்னு அந்த ஆளு சொன்னதும் யார் கல்லுன்னு தெரிஞ்சுபோச்சு. ஊரு அந்தம்மா ரத்தத்தைப் பார்த்துட்டு நின்னுச்சுங்க. எனக்கு விழுந்தது உங்களுக்கு விழுந்திருந்தா, இந்த வயசுல தாங்க மாட்டீங்க."

"அப்புறம் ஸ்டேஷன்லயாவது?"

"நான் காட்டினா, நானே நம்பரை எழுதிக்கிட்டேன்னு சொல்வாங்க. என் தப்பை நான் சொல்லியாச்சு. மிச்சத்தை நீங்கதாங்க சொல்லணும்."

கல்லை என் வாசலிலேயே விட்டுவிட்டுப் போனார். அவரிடம் இருந்த ஒரே அத்தாட்சி அது. ராத்திரிக்குள் நான் அதை ஆற்றில் போட்டுவிடலாம் என்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

மறுநாள் காலை ஒன்பது மணி பஸ்ஸில் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பஸ் நிறைய எங்கள் ஊர் ஆட்கள். முன் சீட்டில் துரைராசு.

"கனமா இருக்கும்போல, பெரியவரே," என்றார் கண்டக்டர். "உள்ளே என்ன?"

ஆயுசில் இரண்டாவது தடவையாகக் கூட்டத்தில் பேசினேன்.

"அம்சத்தோட காலை ஒடிச்ச கல்லு. என்னோடது."