குருவிக்குக் கலந்த தண்ணீர்

மகள் வீட்டுக்கென்று அமெரிக்கா வந்த முதல் வாரமே ஆவுடையப்பன் கொல்லைப்புறத்தில் ஒரு சின்ன சிவப்பு பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டார். கட்டைவிரல் அளவே இருக்கும் ரீங்காரச் சிட்டு வந்து அதில் சர்க்கரைத் தண்ணீர் குடிக்குமாம். இவர் படம் எடுப்பாராம். இருபது வருஷமாகச் சர்க்கரை வியாதிக்கு மாத்திரை போடுகிற மனுஷனுக்கு இப்படியோர் ஆசை வந்ததே அவர் மனைவி கோமதிக்கு உறுத்தியது. காலையில் நிரப்புகிற பாட்டில் பதினோரு மணிக்கெல்லாம் காலி. மத்தியானம் அவர் கண்ணயர்ந்தபோது கேமராவை எடுத்து ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தாள். எல்லாப் படத்திலும் சிட்டு பாட்டிலுக்கு ஒரு சாண் தள்ளி அந்தரத்தில் நின்று முறைத்துக்கொண்டிருந்தது. ஒன்றில்கூட அலகு உள்ளே போகவில்லை. பாட்டிலின் அடியில் மிச்சமிருந்த சொட்டை விரலில் தொட்டு நக்கினாள். பானகம் மாதிரி ஏலக்காய் வாசம் தூக்கலாக இருந்தது.

மறுநாள் அவர் பாட்டிலை நிரப்பி மாட்டிவிட்டுக் குளிக்கப் போனார். கோமதி அதைக் கொட்டிவிட்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த நிலவேம்புப் பொடியில் கஷாயம் வைத்து, ஆறவிட்டு ஊற்றினாள். பிறகு சமையலறை ஜன்னலோரம் கீரை ஆய்ந்தபடி கொல்லையிலேயே கண்ணாக இருந்தாள். பொங்கி வழிந்த பாலைத் துடைத்துவிட்டு நிமிர்வதற்குள் பாட்டில் காலியாகியிருந்தது.

ஆவுடையப்பன் கொல்லையிலிருந்து உள்ளே வந்தார். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

“குருவிக்கு இன்னைக்கு நல்ல பசி போலிருக்கு, கோமதி,” என்றார் கேமராவைத் துடைத்தபடி. “நாளைக்கும் நீயே கலந்து வை.”