ஈர பிரஷ்

“தாயே, உன் மேஜை வராந்தாவுக்கு வந்தாச்சு. உன் ரூமுக்கு மேடமே பூட்டும் போட்டுட்டாங்க. ஹாசன் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துடு!” என்றான் புட்டராஜு, கூட ஆராய்ச்சி செய்கிறவன்.

மைசூரில் கிடைத்த இந்த ஆராய்ச்சி இடம் பறிபோகக் கூடாதென்றுதானே ஐந்து மாதக் குழந்தையை ஹாசனில் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள் ஸ்பூர்த்தி!

எலிக்குட்டிகளைத் தினமும் கொஞ்ச நேரம் தாயிடமிருந்து பிரித்து வைப்பது அவள் வேலை. பிரிந்த பயத்தில் குட்டிக்கு ஒரு ஹார்மோன் சுரக்கும். அது கல்லீரலில் ஒரு என்சைமை ஏற்றிவிடும். எவ்வளவு ஏறுகிறது என்று அளக்க வேண்டும்.

அவள் அளந்ததில் ஏறவே இல்லை.

ஆராய்ச்சியை நடத்தும் விமலாக்ஷி மேடம் கூப்பிட்டனுப்பினார். அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தவர்கள் அந்தத் துறையிலேயே கிடையாது.

“குட்டிகளைப் பிரிச்சியா, இல்லையா?”

“பிரிச்சேன் மேடம்.”

“அப்புறம் எப்படி ஏறாம இருக்கும்?”

“அதுங்க தாயைத் தேடித் தேடி நெளிஞ்சுது மேடம். மனசு கேக்கல. தாய் நக்கிக் கொடுக்குமே, அந்த மாதிரி ஈர பிரஷ்ஷால தடவிக் கொடுத்தேன். தினமும்.”

“என் ஆராய்ச்சியைக் கெடுத்துட்டே.”

“தப்புதான் மேடம்.”

“தடவினது தப்பில்லை. சொல்லாம தடவினே பாரு, அதான் தப்பு. இனிமே பாதிக் குட்டிகளுக்குத் தடவு, பாதிக்கு வேண்டாம். ரெண்டையும் அளந்து எழுது. அதான் உன் ஆராய்ச்சி.”

ஸ்பூர்த்திக்குக் காதை நம்ப முடியவில்லை.

“அப்போ... என் மேஜையை ஏன் மேடம் வெளியே...?”

“கூண்டு மேல ஈர பிரஷ்ஷைப் போன வாரமே பார்த்துட்டேன். அன்னிக்கே ஆசாரிகிட்ட சொல்லியாச்சு. இன்னிக்குத்தான் கொண்டு வந்தான்.”

சாவியை நீட்டினார் மேடம். கதவைத் திறந்தாள் ஸ்பூர்த்தி.

மேஜை இருந்த இடத்தில் ஒரு மரத்தொட்டில்.

“இந்த ஞாயித்துக்கிழமையே போய் அம்மாவையும் குழந்தையையும் கூட்டிட்டு வா,” என்றார் மேடம் பின்னாலிருந்து. “இத்தனை நாளா குட்டிங்க கல்லீரலையே அளந்துட்டிருந்தோம். பிரிஞ்ச தாய்க்கு எவ்வளவு ஏறுதுன்னு ஒருத்தரும் பார்க்கலையே!”