பூனையின் பங்கு

மேடையில் சிறுமி மழையில் உட்கார்ந்து அழத் தொடங்கியதுமே கூடத்தில் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள்.

"அடிப்பாவி, ஒரு மீன் தலைக்காகவா பச்சப்புள்ளைய வெளிய தள்ளுற?" என்று பின்வரிசையிலிருந்து ஒருத்தி கத்தினாள்.

எஜமானியாக நடித்தவள் இடுப்பில் கைவைத்து முறைத்தாள்.

"அவ எடுக்கல, பூனைதான் எடுத்துச்சு! சட்டிக்குப் பின்னால பாரு, கண்ணு என்ன முதுகுலயா இருக்கு?" என்று கூட்டத்திலிருந்து இன்னொருத்தி அவளை அதட்டினாள்.

கூடம் சிரிப்பில் குலுங்கியது. அந்தச் செகொண்டி ஊரில் கதை தெரியாதவர்கள் யாரும் இல்லை. மூன்று வாரமாகத் தினமும் சாயங்காலம் வானொலியில் அதை எழுதிய எஃபுவா அமிசாவே தன் குரலில் வாசித்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பதிவுதான் இப்போது மேடையின் இரு பக்கத்து ஒலிபெருக்கிகளிலிருந்தும் கேட்டது. நடிகர்கள் வாய் திறக்கவில்லை. குரல் சொல்லச் சொல்ல உடம்பால் நடித்தார்கள்.

எஃபுவா முதல் வரிசையில், மகள் தைத்துக் கொடுத்த நீலப் பூப்போட்ட உடையில் உட்கார்ந்திருந்தாள். நாடகம் முடிந்ததும் மேடையேறி ஒரே வாக்கியம் சொல்ல வேண்டும்.

'அந்தச் சிறுமி நான்தான்.'

புத்தகத்தின் பின்னட்டையில் இருக்கும் வாக்கியம். ஒன்பது வருஷமாகப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் அதைத்தான் சொல்லி வருகிறாள். அதைக் கேட்ட பிறகுதான் வீட்டு வேலைக்கு விடப்பட்ட பெண்கள் வரிசையில் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். அந்த வாக்கியம் இல்லையென்றால் அவள் வெறுமனே கதை எழுதும் ஒருத்தி.

அடுத்து வரப்போவது சிறுமி கெஞ்சும் இடம். பதிவறையில் எஃபுவா அதை ஒரே தடவையில் சொல்லி முடித்தபோது இயக்குநர் கோஜோ அசந்துபோனார். "எப்படிம்மா இப்படி அச்சு அசலா வருது உங்களுக்கு?" என்று கேட்டார்.

அவள் தண்ணீர் மட்டும் கேட்டாள்.

கோஜோ இப்போது பதிவை நிறுத்தினார். நிறுத்தித்தான் ஆக வேண்டும். மேடையில் ஒரு பிள்ளை பட்டினி கிடந்தால் இந்த ஊர்க்காரர்கள் சும்மா பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். படியேறிப் போய்த் தங்களிடம் இருப்பதைக் கொடுப்பார்கள். நடிகை அழுகையை விடாமலே வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஒருவர் பாதி ரொட்டியை வைத்தார். ஒருத்தி தன் மேல்துணியை அவிழ்த்துப் பிள்ளையின் தோளில் போர்த்தினாள்.

கடைசியாக ஒரு கிழவி ஏறினாள். ஒவ்வொரு படியிலும் நின்று நின்று. கையில் மூடிபோட்ட எனாமல் கிண்ணம். சிறுமியின் முன்னால் குனிந்து, சோள இலையில் பொதிந்த கென்கி உருண்டையை வலது கையால் எடுத்து வைத்தாள்.

"சாப்பிடு, அராபா" என்றாள்.

கூடம் மறுபடி சிரித்தது.

"பெரியம்மா, செவ்வாக்கிழமை பொறந்தவதான் அராபா! இவ வெள்ளிக்கிழமைக்காரி, எஃபுவா! கிழமையையே மாத்திட்டியே!"

"எந்தக் கிழமைன்னு எனக்குத் தெரியும்டா" என்றாள் கிழவி, திரும்பாமலே.

எஃபுவா சிரிக்கவில்லை. நாற்காலியின் கைப்பிடியை எப்போது பற்றினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

புத்தகத்தில் அந்தப் பெயர் எங்கும் கிடையாது. கோஜோவிடம் சொன்னதில்லை. பெற்ற மகளிடமும் சொன்னதில்லை.

எஃபுவாவின் அம்மா வீட்டில் பாத்திரம் தேய்த்த அராபா. எஃபுவாவைப் போலவே அப்போது பத்து வயது. அந்த மழையோடு போனவள், எல்லை தாண்டி அபிஜான் நகரத்தில் யாரோ பார்த்ததாக ஒரு பேச்சு, பிறகு அதுவும் இல்லை.

ஒன்பது வருஷம் புத்தகம் பத்திரமாக இருந்தது. அராபாவுக்கு எழுத்து தெரியாது.

காது இருக்கும் என்பதை எஃபுவா யோசிக்கவே இல்லை.

கிழவி இறங்கினாள். யாரோ கை கொடுக்க வந்தார்கள், வேண்டாம் என்று தலையசைத்தாள். நேராகத் தன் இடத்துக்குப் போகாமல் முதல் வரிசையின் முன்னால் வந்து நின்றாள்.

கிண்ணத்தில் இன்னும் ஏதோ இருந்தது.

புகைபோட்ட மீனின் தலை. கண் பக்கம் கருகி, எண்ணெய் மினுங்கியது.

கிண்ணத்தை வலது கைக்கு மாற்றிக்கொண்டு, அதை இடது கையால் எடுத்து நீட்டினாள். பக்கத்து நாற்காலியில் இருந்த தலைமையாசிரியர் மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. பிச்சைக்காரனுக்குக்கூட இங்கே யாரும் இடது கையால் எதையும் கொடுப்பதில்லை.

"இந்தா பூனை" என்றாள் கிழவி. கோபமே இல்லாத குரல். "உன் பங்கு."

எஃபுவாவின் உள்ளங்கை தானாக விரிந்தது.

கிழவி தன் இடத்துக்குப் போய், உடையைச் சரிசெய்து உட்கார்ந்து, மற்றவர்களைப் போலவே மேடையைப் பார்க்கத் தொடங்கினாள்.

கோஜோ பதிவை மறுபடி ஓடவிட்டார்.

இரண்டு பக்கத்திலிருந்தும் எஃபுவாவின் குரல் எழுந்தது, பத்து வயதுப் பிள்ளையின் நடுக்கத்தோடு, அச்சு அசலாக:

"நான் எடுக்கலம்மா. சத்தியமா நான் எடுக்கல."