ஐம்பது யூனிட்

“எண்பது யூனிட்டா? ரொம்ப தாராளம்லா, மிஸ்டர் ஜெயபாலன்” என்றாள் பெட்ரீசியா.

மேனேஜர் பழனியப்பன் சிரித்துவிட்டார். ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணி ஜெயபாலன், தான் எழுதிய திட்டத்தின் கடைசிப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

லகாட்டுக்குப் பக்கத்தில் இருந்த அந்தத் தோட்டத்தில், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளின் கரண்ட் கணக்கை இதுவரை ஆபீசில் கையால்தான் போட்டார்கள். வரும் ஜனவரியிலிருந்து ரீடிங்கை ஈப்போவில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்கு அனுப்பினால் போதும். அவர்கள் பில்லை அடித்துத் தருவார்கள், ஆபீஸ் அதைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும். அவர்கள் கணக்கையும் இவர்கள் சம்பளப் பதிவையும் எப்படி இணைப்பது என்று எழுதும் வேலை ஜெயபாலன் தலையில் விழுந்தது. மாலை வகுப்பில் கம்ப்யூட்டர் படிக்கிறவன் தோட்டத்தில் அவன் ஒருவன்தான்.

பலமுறை எழுதி, பலமுறை கிழித்து, கடைசியில் ஒரு பிரதியைத் தபாலில் அனுப்பியிருந்தான். அதைப் படித்துவிட்டுத்தான் கம்பெனி சார்பில் பெட்ரீசியா வந்திருந்தாள். காலையில் நேராக லயத்துக்குப் போய், ஒவ்வொரு மீட்டரையும் பார்த்துவிட்டு, ஷூவில் செம்மண்ணோடு ஆபீசுக்கு வந்தாள்.

“பன்னெண்டாம் வீடும் பதினாறாம் வீடும் போன மாசமே வீட்ட மாத்திக்கிட்டாங்க. உங்க பேப்பர்ல பழைய பேருதான் இருக்கு. இப்படியே விட்டா ஒருத்தர் பில்லு இன்னொருத்தர் சம்பளத்துல விழும்.”

ஜெயபாலனுக்குக் காது சூடானது. அரை நாளில் இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தாள்! மாலை வகுப்பு வாத்தியார்கூட இவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை.

ஆனால் இப்போது அவளைப் பார்க்கப் பயமாக இருந்தது. பேச்சு ‘தனித்தாளுக்கு’ வந்திருந்தது. ஒரு வீடு குறிப்பிட்ட அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தால், கம்ப்யூட்டர் அந்த வீட்டைத் தனியாக ஒரு தாளில் அடித்துத் தரும். ஆபீஸ் ஆள் போய்ச் சோதிப்பார். அந்த அளவைத்தான் அவன் எண்பது என்று போட்டிருந்தான்.

காரணம் இருந்தது. ஒருநாள் லயத்தில் மாயாண்டி வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தபோது, அடுப்படிக் கூரைக்குக் கீழே பக்கத்து வீட்டுக்கு ஒரு ஒயர் போவதைப் பார்த்துவிட்டான். பக்கத்து வீடு இருளாயியுடையது. புருஷன் செத்ததும், தோட்டத்தில் வேலை செய்யும் ஆள் இல்லாத வீடு என்று ஆபீஸ் கரண்டை வெட்டிவிட்டது. மகள் எஸ்.பி.எம். பரீட்சை எழுதி முடிக்கும்வரை தங்க மட்டும் விட்டிருந்தார்கள். ஒயர் பிடிபட்டால் இரண்டு குடும்பமும் வெளியே போக வேண்டியதுதான். மற்ற வீடுகள் மாதம் நாற்பது யூனிட் இழுத்தால், மாயாண்டி வீடு ஐம்பத்தெட்டு இழுத்தது.

“லயத்து ஆளுங்கள மேய்க்கிற தண்டல் வேற சொல்றாரு, யாரோ யாருக்கோ கரண்ட்டு குடுக்குறாங்கன்னு” என்றார் மேனேஜர். “எண்பதுன்னு வச்சா அந்தத் தாள எப்படித் தம்பி நம்புறது? நான் வீடு வீடா ஆள் அனுப்பித்தான் பார்க்கணும்.”

“அந்தச் சூசா, அந்தத் தொந்தரவே வேண்டாம் சார்” என்றாள் பெட்ரீசியா. “ஐம்பது போடுங்க. தாள்ல பேரு வந்த வீட்டுக்கு மட்டும் போனா போதும்.”

“மிஸ், தீபாவளி மாசம்... சொந்தக்காரங்கல்லாம் வந்து தங்குவாங்க...”

“தங்கட்டுமே. ஆள் போய்ப் பார்த்தா சொந்தக்காரங்க இருப்பாங்க. அதுக்கு உங்களுக்கு ஏன் வேர்க்குது? லயத்துல உங்களுக்கு யாராச்சும் சொந்தமா?”

மேனேஜர் மேசையைத் தட்டிச் சிரித்தார். “ஐம்பதே போடு தம்பி. இவங்களுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?”

காலையில் இவள் ஒயரைப் பார்த்திருக்கிறாள் என்று ஜெயபாலனுக்கு உறுதியாகத் தோன்றியது. இல்லாவிட்டால் எப்படி இவ்வளவு கச்சிதமாக ஐம்பது என்பாள்? எவ்வளவு கெட்டிக்காரி, எவ்வளவு கல்நெஞ்சு! எண்பதை அடித்து ஐம்பது என்று எழுதினான். இன்னும் நன்றாக வாதாடத் தெரிந்த ஒருவன் இங்கே உட்கார்ந்திருக்கக் கூடாதா என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

மறுமாதம் சோதனைக்காக ஒரு மாத ரீடிங்கை அனுப்பினார்கள். பில்லும் தனித்தாளும் வந்தன. மேனேஜர் தனித்தாளைப் பிரித்தபோது ஜெயபாலன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“அடேய்! ஒரே ஒரு வீடுதான்டா. தண்டல் வீடு! ஐஸ் பெட்டி வாங்கிட்டாராம், எங்கிட்ட மூச்சு விடல பாரு” என்று மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். “சரி, இனிமே எவனையும் வீடு வீடா அனுப்ப வேண்டாம். மெஷினே பார்த்துக்கும்.”

ஜெயபாலன் மாயாண்டியின் பில்லைத் தேடி எடுத்தான். நாற்பத்து நான்கு. அப்படியானால் பயந்துபோய் ஒயரைக் கழற்றிவிட்டார்கள். பரீட்சைக்குச் சில வாரம் இருக்கும்போது அந்தப் பெண் இருட்டில் உட்கார்ந்திருக்கிறாள்.

வேலை முடிந்ததும் சைக்கிளை லயத்துக்கு விட்டான்.

இருளாயி வீட்டில் விளக்கு எரிந்தது. உள்ளே மகள் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, கரண்ட்டு எப்படி...?”

இருளாயி தெருவை இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். “உங்கிட்ட சொல்றதுக்கு என்ன தம்பி. ஒரு வாரம் மாயாண்டி அண்ணன் வீட்டுலேருந்து, அடுத்த வாரம் நல்லம்மா அக்கா வீட்டுலேருந்து, அப்புறம் பின் லயத்துலேருந்து. நாலு வீடும் முறை போட்டுக் குடுக்குறாங்க. அதனால யாருக்கும் கூடலயாம்.”

“யாரு அக்கா இப்படி ஏற்பாடு பண்ணது?”

“மீட்டர் பார்க்க வந்துச்சே, ஈப்போ பொண்ணு, அதுதான். ஒயரப் பார்த்துட்டு எங்கள எல்லாம் கூப்பிட்டு உக்கார வச்சு, ‘எந்த வீடும் ஐம்பதத் தாண்டாமப் பார்த்துக்குங்க, மத்தத நான் பார்த்துக்கிறேன்’னுச்சு. ஆபீஸ்ல யாரோ எண்பதுன்னு எழுதி வச்சு, மேனேஜர வீடு வீடா வர வைக்கப் பார்த்தாங்களாமே... யாரு தம்பி அந்த அறிவாளி?”